கிராண்ட்மாஸ்டர் தவறவிட்ட வெற்றி: அலசும்போது நாம் செய்யும் தவறுகள்

2014 நவம்பர் 15, சோச்சி. சதுரங்க உலக சாம்பியன் போட்டியின் 6-வது ஆட்டம். கார்ல்சன் வெள்ளை, ஆனந்த் கறுப்பு. அதுவரை ஆளுக்கு 2.5 புள்ளிகள். 26-வது நகர்வில் கார்ல்சன் தன் ராஜாவை சி1-இலிருந்து டி2-க்கு எடுத்து வைத்தார் (எழுத்து நெடுக்கு வரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்). அது பெரிய பிழை. ஆனந்த் குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே அவர் கைக்கு வந்திருக்கும். அவரோ ஏ சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார். 38-வது நகர்வில் கார்ல்சன் வென்றார்.

இந்த ஆட்டத்தைப் பார்க்கிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஆனந்த் இதை எப்படிப் பார்க்காமல் விட்டார்? நல்ல கேள்வி. ஆனால் பலர் அதைக் கேட்டுவிட்டு, பதிலைத் தேடாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

முதல் தவறு, இன்ஜினை, அதாவது நகர்வுகளை மதிப்பிடும் கணினி நிரலை, ஓடவிட்டுக்கொண்டே ஆட்டத்தைப் பார்ப்பது. யார் மேலே என்று காட்டும், திரையின் ஓரத்தில் இருக்கும் பட்டை சட்டென்று கீழே இறங்கியதும் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பின் அந்த நகர்வைக் கண்டுபிடிப்பது யாருக்கும் எளிது. ஆனந்துக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. அதனால் இன்ஜினை அணைத்துவிட்டு, பிழை நடந்த இடத்துக்கு நாலைந்து நகர்வுகள் முன்னாலிருந்து பலகையில் காய்களை வைத்துப் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் இந்த ஆட்டத்தில் ஒரு விஷயம் கண்ணில் படும். 24-வது நகர்வில் கார்ல்சன் பிஷப்பை சி2-இலிருந்து டி1-க்கு எடுக்கிறார். ஆனந்த் யானையை ஜி8-இலிருந்து டி8-க்கு. அடுத்த நகர்வில் இருவருமே வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அதாவது இரண்டு நகர்வுகளுக்கு முன் இருந்த அதே நிலை மறுபடியும் பலகையில். அப்போதுதான் வெள்ளை ராஜா ஒரு கட்டம் நகர்கிறது.

அந்த ஒரு கட்டம் என்ன மாற்றியது? வெள்ளை யானைகள் ஜி4-இலும் எச்5-இலும். கறுப்பு யானைகள் ஜி8-இலும் எச்8-இலும். ஜி வரிசையை மறித்துக்கொண்டு ஜி6-இல் கறுப்புக் குதிரை. அது ஈ5-ஐ வெட்டினால் வரிசை திறக்கும், இரண்டு யானைகளும் நேருக்கு நேர் நிற்கும். ராஜா சி1-இல் இருந்தவரை இது வேலைக்கு ஆகாது. வெள்ளை ஜி8 யானையை வெட்டும், கறுப்பு திருப்பி வெட்டும், உடனே எச்5 யானை ஈ5-இல் இருக்கும் குதிரையைத் தின்றுவிடும். ஒரு காய் போச்சு.

ராஜா டி2-க்கு வந்ததும் கதை வேறு. வெள்ளை ஜி8-இல் வெட்டினால், குதிரை சி4 சிப்பாயை வெட்டும்போதே செக். வெள்ளைக்கு எச்8 யானையையும் வெட்ட நேரமில்லை. ராஜா டி3-க்குப் போய்க் குதிரையைத் தாக்கினால், குதிரை பி2-க்கு இன்னொரு செக்குடன் தப்பிவிடும். பிறகு நிதானமாக ஜி8-இல் யானையைத் திருப்பி வெட்டலாம். இந்த வெட்டுக்குத்து முடியும்போது கறுப்புக்கு இரண்டு சிப்பாய்கள் கூடுதல்.

இதைப் பார்த்தால் ஆனந்த் ஏன் தவறவிட்டார் என்பதற்கு ஓரளவு பதில் கிடைக்கிறது. சற்று முன்புவரை உதவாத ஒரு வெட்டு, எதிராளியின் ஒரே நகர்வில் உயிர் பெற்றிருக்கிறது. பலகை பழகிய நிலையாகத் தெரிகிறது. ஆட்டம் முழுக்கத் தற்காத்துக்கொண்டிருந்தவர், ஏ சிப்பாயை முன்னே கொண்டுபோகும் திட்டத்தில் இருக்கிறார். எதிர்பாராத நேரத்தில் வரும் பரிசைச் சில சமயம் எடுத்துக்கொள்ளாமல் போய்விடுகிறோம் என்ற பொருளில் ஆனந்தே பின்னர் சொன்னார். ஏ4 ஆடியவுடனே அவர் அதைக் கவனித்துவிட்டார். இதில் நம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது: எதிராளி ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும், முன்பு ஒதுக்கிவைத்த வெட்டுகளையும் செக்குகளையும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். ‘26-வது நகர்வில் பிழை’ என்று குறித்துவைத்தால் இது எதுவும் கிடைக்காது.

அடுத்தது, வெற்றி தவறிய இடத்தையே தோல்விக்கான இடமாகவும் எடுத்துக்கொள்வது. இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு. ஏ4 ஆடியதால் ஆனந்த் தோற்கவில்லை. ஆட்டம் முன்பு இருந்த நிலைக்கே, வெள்ளைக்குச் சாதகமான நிலைக்கே, திரும்பியது. தோல்வி அதற்குப் பின்னால்தான் வருகிறது. 31-வது நகர்வில் கறுப்பு பிஷப் ஏ4-க்குப் போனதும், கார்ல்சன் ஈ4-இல் பிஷப்பால் செக் வைத்து, ஜி6 குதிரையை வெட்டி, யானையால் ஜி6, ஈ6 சிப்பாய்களை அடுத்தடுத்து அள்ளினார். பரபரப்பான ஒரு நகர்வில் நம் கண் நின்றுவிட்டால், இந்தப் பகுதியை யாருமே படிப்பதில்லை. கார்ல்சனின் 26-வது நகர்வைப் பற்றியும் அதே அளவு யோசிக்க வேண்டும். பிழை இருவர் கண்ணிலிருந்தும் தப்பியது.

இன்ஜின் காட்டும் சாதக எண் பெரிதாக இருந்தால் அந்த நகர்வைக் கண்டுபிடிப்பதும் எளிது என்று நினைப்பது இன்னொரு தவறு. 2018-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 6-வது ஆட்டம் இதற்குச் சரியான உதாரணம். கறுப்பில் ஆடிய கருவானாவிடம் பிஷப்பும் குதிரையும்; கார்ல்சனிடம் பிஷப்பும் சில சிப்பாய்களும். 68-வது நகர்வில் பிஷப்பை எச்4-க்கு வைத்தால் வெற்றி என்று கணினி மேட் வரைக்கும் கணக்குப் போட்டுக் காட்டியது. ஆனால் அதன் தொடர்ச்சியைப் பாருங்கள். கறுப்பு தன் குதிரையைத் தானே ஜி1-க்குக் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து அது வெளியேற ஈ2, எஃப்3, எச்3 என்று மூன்றே கட்டங்கள். ஜி4-இல் நிற்கும் வெள்ளை பிஷப் அந்த மூன்றையும் காவல் காக்கும். குதிரையை அப்படிச் சிறைப்பட விட்டுவிட்டு, ராஜாவை ஜி8-க்கு அமைதியாக நகர்த்த வேண்டும். அப்போதுதான் வெள்ளைக்கு நல்ல நகர்வே இல்லாமல் போகும். மணிக்கணக்கில் ஆடிக் களைத்த ஒருவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. இதையும் சோச்சியின் ஈ5 வெட்டையும் ஒரே சிவப்புக் குறியால் அடையாளம் இடுவது அலசல் ஆகாது. சோச்சியினுடையது பயிற்சியால் பிடிக்கக்கூடியது, லண்டனுடையது வியந்து ரசிக்க வேண்டியது.

‘அதை மட்டும் ஆடியிருந்தால் கருவானா உலக சாம்பியன்’ என்று சொல்வதும் சரியில்லை. அந்தப் போட்டியின் 12 ஆட்டங்களும் டிராவாகி, குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிட் ஆட்டங்களில் கார்ல்சன் 3–0 என்று வென்றார், உண்மைதான். ஆனால் 6-வது ஆட்டத்தின் முடிவு மாறியிருந்தால் 7-வது ஆட்டத்தை இருவருமே வேறு மாதிரி ஆடியிருப்பார்கள்.

எண்களைப் பற்றி இன்னொன்று. 2022 இறுதியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 என்ற இன்ஜின் முதல், அது காட்டும் +1 என்ற மதிப்பு, தனக்குத்தானே ஆடும்போது பாதிக்குப் பாதி வெல்லும் வாய்ப்பைக் குறிக்கும்படி அளவிடப்பட்டது. ஆகவே +1.3-இலிருந்து +0.4-க்கு இறங்கினால் அதை ‘வெற்றி நழுவியது’ என்று எழுதாதீர்கள். சாதகம் குறைந்தது, அவ்வளவுதான். பலகையில் ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் எல்லா நிலைகளுக்கும் முடிவைக் கணக்கிட்டு வைத்திருக்கும் டேபிள்பேஸ் என்ற தரவுத்தளம் துல்லியமான பதிலே தரும். அங்கே இன்ஜின் மதிப்பை வைத்து வாதாடத் தேவையில்லை.

கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். உலக சாம்பியனின் எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் 2024 டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் கருவானா நெப்போம்னியாச்சிக்கு எதிராகத் தெளிவாக மேலே இருந்தும், ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்புகள் நழுவி, 109 நகர்வுகளில் டிரா ஆனது. அந்த டிராதான் 9 புள்ளிகளுடன் காத்திருந்த குகேஷை உலக சாம்பியன் போட்டிக்கு அனுப்பியது. அந்த கேண்டிடேட்ஸில் 40-வது நகர்வு வரை, ஒவ்வொரு நகர்வுக்கும் சேர்த்துத் தரும் கூடுதல் நொடிகள் கிடையாது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒவ்வொரு தவறிய நகர்வுக்கும் பக்கத்தில் மீதி நேரத்தை எழுதிவையுங்கள். எது அவசரம், எது புரிதல் குறை என்று பிரித்துப் பார்க்கலாம். முதல் தவறிய வெற்றியைக் கண்டதும் நின்றுவிடவும் வேண்டாம்.

கடைசியாக, ஆட்டம் முடிந்த நிலையையும் சோதியுங்கள். 1902 மான்டே கார்லோவில் ஃபான் போப்பியெலுக்கு எதிராக மார்க்கோ, டி4-இல் கட்டுண்ட (நகர்ந்தால் பின்னாலுள்ள காய் தாக்கப்படும்) தன் பிஷப்பைக் காப்பாற்ற முடியாது என்று நினைத்து ஆட்டத்தைக் கைவிட்டார். அந்த பிஷப்பை ஜி1-க்கு நகர்த்தியிருந்தால் எச்2-இல் மேட் மிரட்டல், கூடவே திறந்த டி வரிசையில் வெள்ளை ராணி மீதும் தாக்குதல். ஜெயித்திருப்பார். ஆடப்பட்ட நகர்வுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போகிறவருக்கு இந்த வெற்றி கண்ணில் படவே படாது.