ஹை பார்க் செர்ரிப்பூ: குடும்பமாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ரொறன்ரோவில் செர்ரிப்பூ பார்க்கப் போய் ஏமாந்து திரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் நாளில்தான் கோட்டை விடுகின்றன. எல்லோருக்கும் லீவு கிடைக்கிற ஒரு சனிக்கிழமையை மூன்று வாரத்துக்கு முன்பே குறித்து, மாமி வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் சொல்லிவிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் ஒன்று மொட்டு, அல்லது தரையில் இதழ்.

ஹை பார்க் பூங்காவில் அதிகம் இருப்பது சொமெய் யோஷினோ என்ற செர்ரி வகை. 1959இல் டோக்கியோ மக்களின் சார்பில் ஜப்பானியத் தூதர் இந்த நகரத்துக்கு 2,000 மரங்கள் கொடுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இடம்பெயர்ந்து வந்த ஜப்பானியக் கனடியர்களை ரொறன்ரோ ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாக வந்தவை அவை. இந்த வகையை விதையிலிருந்து வளர்ப்பதில்லை. ஒட்டுக் கட்டியே பெருக்குகிறார்கள். எல்லா மரமும் ஒரே மரத்தின் நகல் என்பதால் எல்லாம் சேர்ந்தே பூக்கும், சேர்ந்தே கொட்டும். முழுப்பூ நாலு நாள் நிற்கலாம், பத்து நாளும் நிற்கலாம். குளிர் நீடித்தால் பூவும் நீடிக்கும். பலத்த காற்றோடு மழை வந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

வழக்கமாக ஏப்ரல் கடைசிக்கும் மே இரண்டாம் வாரத்துக்கும் நடுவில் பூக்கும். அதற்குள் எந்த நாள் என்பதை நாட்காட்டி சொல்லாது, மொட்டுத்தான் சொல்லும். பச்சை மொட்டு பிளந்து உள்ளே சின்னச் சின்னப் பூமொட்டுகள் தெரிவது ஆரம்பக் கட்டம், அப்போது அவசரமில்லை. காம்பு நீண்டு மொட்டுகள் தொங்கத் தொடங்கினால் ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கிறது. வெள்ளையாக உப்பிவிட்டால் இரண்டு மூன்று நாள்தான். நூற்றுக்கு எழுபது பூ விரிந்ததும் உச்சம் என்று கணக்கு. இடையில் 20 பாகைக்கு வெயில் அடித்தால் எல்லாம் முந்தும், மறுபடி குளிர்ந்தால் பிந்தும். பூக்காலத்தில் மாநகராட்சி நேரலை கேமரா வைக்கிறது. வீட்டிலிருந்தே மரத்தைப் பார்க்கலாம். போன வருடம் யாரோ போட்ட படத்தின் தேதியை நம்ப வேண்டாம். 2016இல் வசந்தத்தின் குளிர் மொட்டைக் கெடுத்து, ஹை பார்க்கில் அநேகமாகப் பூவே இல்லாமல் போனது.

ஆகவே உறவினரிடம் ஒரு நாளைச் சொல்லாமல் ஒரு வாரத்தைச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் வேலைநாள் காலை ஒன்றும் மாலை ஒன்றும் ஒதுக்கி வையுங்கள். ஏப்ரல் கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் விடிந்துவிடும். ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் போனால் பிள்ளைகள் ஓட இடம் இருக்கும். சனி, ஞாயிறு பதினொரு மணிக்குப் பிறகு போனால் பூவை விட முதுகுகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

அடுத்தது கார். சனி, ஞாயிறுகளில் ஹை பார்க்குக்குள் கார் போக முடியாது. பூ உச்சத்தில் இருக்கும் நாட்களில் வாரநாளிலும் வழியை மூடிவிடுவார்கள். சுற்றியுள்ள குடியிருப்புத் தெருக்களில் இடம் தேடி ஒரு மணி நேரம் சுற்றி, கடைசியில் தண்டச் சீட்டோடு வீடு திரும்புகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஸ்காபரோவிலிருந்து வருவதானால் காரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கென்னடி சுரங்க ரயில் நிலையத்தில் ஏறினால் மாறாமல் ஹை பார்க் நிலையத்தில் இறங்கலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு ரிரிசியில் (நகரப் பொதுப் போக்குவரத்தில்) கட்டணம் இல்லை. கிளம்புமுன் கென்னடியிலேயே கழிவறைக்குப் போய்விடுங்கள். பூங்காவில் வரிசை நீளும். இந்த ரயில் ஓடும் இரண்டாம் பாதையில் பராமரிப்புக்காக வார இறுதியில் சில பகுதிகளை மூடுவது சகஜம், முதல் நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் பூ கண்ணில் படாது. புளோர் தெருவிலிருந்து உள்ளே கால் மணி நேரத்துக்கு மேல் நடை. மரங்கள் அடர்ந்திருக்கும் இடம் கிரெனடியர் குளத்தை நோக்கி இறங்கும் சரிவு. பெரிய ஸ்ட்ரோலரை இறக்கிவிடலாம், ஏற்றுவதுதான் பாடு. கைக்குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொள்ளும் பை நல்லது. அம்மம்மா, அப்பப்பா வருகிறார்கள் என்றால் சரிவில் இறக்காதீர்கள். மேலே கிரெனடியர் உணவகத்தின் பக்கமே நிற்கலாம், அங்கும் பூ இருக்கிறது. அதையே எல்லோரும் சந்திக்கும் இடமாகவும் வையுங்கள். "அந்தப் பெரிய மரத்தடி" என்றால் யாரும் யாரையும் கண்டுபிடிக்க மாட்டார்கள், கூட்டத்தில் கைப்பேசியும் சில நேரம் வேலை செய்யாது.

உடுப்பில் இரண்டு பிழைகள். வெயிலைப் பார்த்து மெல்லிய உடையில் வருவது ஒன்று. குளத்தங்கரைக் காற்று குளிரும், பிள்ளைகளுக்கு ஒரு மேலங்கி கூடுதலாக வேண்டும். படத்துக்காக வெள்ளையோ இளஞ்சிவப்போ உடுத்துவது மற்றது. யோஷினோப் பூ படங்களில் காட்டுகிற மாதிரி அடர் ரோஸ் நிறம் இல்லை, கிட்டத்தட்ட வெள்ளை. இளநிறச் சேலை அதற்குள் கரைந்துவிடும். மரகதப் பச்சை, கருநீலம், அரக்கு எடுப்பாகத் தெரியும். பனி உருகி ஊறிய புல் என்பதால் குதி உயர்ந்த செருப்பு புதையும். விரிப்புக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் போடாவிட்டால் பத்து நிமிடத்தில் ஈரம் ஏறும்.

படம் எடுக்கும்போது வானமும் பூவும் வெள்ளையாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கருத்துப் போகும். திரையில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைச் சற்று மேலே தள்ளுங்கள். கிளையைக் கீழே இழுத்துப் பிடித்துப் படம் எடுப்பதும், இதழ் கொட்டட்டும் என்று மரத்தை உலுக்குவதும், பிள்ளையைக் கிளையில் உட்கார வைப்பதும் கூடவே கூடாது. அடுத்த வருடப் பூவுக்கான மொட்டு இந்தக் கோடையிலேயே அதே கிளையில் உருவாகிறது. செர்ரி மரத்தின் முறிவுக் காயம் எளிதில் ஆறாது, பூஞ்சை அதன் வழியாக உள்ளே போகும். வேரும் ஆழமில்லாதது, ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மண் இறுகினால் வேருக்குக் காற்று போகாது. விரிப்பை அடிமரத்தை ஒட்டிப் போடாமல் தள்ளிப் போடுங்கள்.

சாப்பாட்டில் சொதி, குழம்பு என்று போகாதீர்கள். கை கழுவ இடம் தேடி அலைவீர்கள். ரோல்ஸ், கட்லட், மாலுபாண் (மீன் பண்), பிளாஸ்கில் தேநீர் போதும். மிச்சத்தைக் குளத்து வாத்துக்கும் அணிலுக்கும் போடுவது நமக்குப் புண்ணியமாகத் தோன்றலாம், ஆனால் வனவிலங்குக்கு உணவளிப்பதை நகர விதி தடுக்கிறது.

பிள்ளை தும்மினால் செர்ரியைக் குற்றம் சொல்லாதீர்கள். அதன் மகரந்தத்தைக் காவுவது பூச்சிகள்தான். தும்ம வைப்பது பெரும்பாலும் அதே வாரங்களில் காற்றில் மகரந்தம் விடுகிற பேர்ச், மேப்பிள், ஓக். ஒவ்வாமை மருந்து வழக்கமாக எடுப்பவர் அன்று காலை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, நகரத்தில் செர்ரி ஹை பார்க்கில் மட்டும் இருப்பதாக நினைப்பது. ஸ்காபரோவில் பிரிம்லி வீதியில் உள்ள பேர்க்டேல் பள்ளத்தாக்கிலும் செர்ரி மரங்கள் இருக்கின்றன. டிரினிட்டி பெல்வுட்ஸ், சீடர்வேல், எட்டோபிக்கோவின் சென்டெனியல் பூங்கா, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ரொபார்ட்ஸ் நூலகத்துச் சுற்றுப்புறம் ஆகியவற்றிலும் பார்க்கலாம். மரம் குறைவு, ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே இருவரை வைத்திருக்கும் வீட்டுக்கு எங்கள் தெரிவு ஹை பார்க் அல்ல, இவற்றில் ஒன்றுதான். யோஷினோ கொட்டிவிட்டதென்றால் ஓரிரு வாரம் பொறுங்கள். அடுக்கடுக்கான இதழோடு உண்மையிலேயே அடர் ரோஸாகப் பூக்கும் குவான்ஸான் வகை அதற்குப் பிந்தித்தான் விரியும். ஹை பார்க்கிலும் அந்த மரங்கள் கொஞ்சம் உண்டு.