மலையில் மோதிய விமானத்தின் விசாரணை அறிக்கையை வாசிக்கும் முறை

திருச்சியிலிருந்து பிள்ளைகளை வெளிநாட்டுக்கு வழியனுப்பும் தஞ்சை, திருவாரூர், நாகைக் குடும்பங்கள், விபத்துச் செய்தி வரும்போது வதந்திகளை ஒதுக்கிவிட்டு விசாரணை அறிக்கையையே வாசிக்கப் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரான்சில் 1992 ஜனவரி 20 அன்று ஸ்திராஸ்பூர்க் நகரை நெருங்கிய ஏர்பஸ் ஏ320 விமானம் மலைச்சரிவில் மோதி, 96 பேரில் 87 பேர் உயிரிழந்த விபத்தைக் கொண்டு பழகலாம்.

முதலில் உயரக் கணக்கைப் பாருங்கள். அறிக்கையில் வரும் உயரம் கடல்மட்டத்திலிருந்தா, தரையிலிருந்தா என்று குறித்துக்கொள்ளுங்கள். சமவெளியில் வாழும் நமக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றும், மலைநாட்டில் அந்த வேறுபாடே உயிரைத் தீர்மானிக்கும்.

அடுத்து, கருப்புப் பெட்டியின் தரவுகளை நிதானமாக வாசியுங்கள். வாய்க்காலின் வாட்டமும் அதில் ஓடும் நீரின் வேகமும் வேறு வேறு என்பதைப் போல, இறங்கும் கோணமும் இறங்கும் வேகமும் வேறு. 3.3 பாகைக் கோணத்தில் இறங்க வேண்டிய அந்த விமானம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,300 அடி வேகத்தில் இறங்கியது. கோணத்தையும் வேகத்தையும் குறிக்கும் இரண்டு அமைப்புகளும் ஒரே திரையில் ஒன்றுபோலக் காட்டப்பட்டதால் விமானிகள் குழம்பியிருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினர். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் அதில் இல்லை.

ஆகவே 'விமானியின் தவறு' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். பன்னாட்டு விதிப்படி விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பதே, பழி சுமத்துவதன்று. பரிந்துரைகள் உள்ள இறுதிப் பகுதியை இருமுறை வாசித்து, அவற்றுள் எவை நடைமுறைக்கு வந்தன என்று தேடுங்கள்.