முதல் நாள் மணல், மறுநாள் கடலடி: அமீரகத்தில் குடும்பத்தோடு ஒரு வார இறுதி

ஊரிலிருந்து உறவினர்கள் அமீரகத்துக்கு வந்தால் மால், உயரமான கட்டடம், மறுபடி மால் என்றே பெரும்பாலான வீடுகளில் நாட்கள் ஓடிவிடுகின்றன. ஷார்ஜாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சிவப்பு மணல் மேடுகள் வந்துவிடும். அங்கிருந்து ஹஜர் மலையைக் கடந்தால் ஓமான் வளைகுடாவும் அதன் பவளப் பாறைகளும். இரண்டையும் ஒரே வார இறுதியில், சின்னப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் பார்த்துவிடலாம். எங்கள் வீட்டில் குளிர்காலம் வந்தாலே பிள்ளைகள் கேட்பது இந்தப் பயணத்தைத்தான்.

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். சனிக்கிழமை பாலைவனம், ஞாயிற்றுக்கிழமை கடல், இதுதான் வரிசை. டைவிங் (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) முடித்த உடம்புக்கு ஓய்வும் தண்ணீரும் வேண்டும். அந்த நேரத்தில் மண்வெட்டியோடு மணலில் வேர்க்க விறுவிறுக்க நிற்பது நல்லதல்ல. ஏதாவது உடல் தொந்தரவு வந்தால் மருத்துவமனையும் தூரம்.

படி 1: யார் எதைச் செய்யலாம்?

டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அப்புறம். முதலில் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதுகுவலியோ கழுத்துவலியோ உள்ளவர்கள் மணல் மேட்டில் குலுங்கும் வண்டியில் ஏறக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு டைவிங்கும் கிடையாது. டைவிங் பயிற்சிக்கான சர்வதேச அமைப்பான பி.ஏ.டி.ஐ.யின் விதிப்படி 8 வயதுக் குழந்தை நீச்சல் குளத்தில் 2 மீட்டர் ஆழம் வரை சிலிண்டரோடு மூச்சுவிட்டுப் பார்க்கலாம். கடலில் அறிமுக டைவ் செய்ய 10 வயது ஆகியிருக்க வேண்டும். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். கடலில் 10 வயதுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு மாஸ்க், ஸ்நார்க்கல் (மூச்சுவிடும் குழாய்), மிதவை அங்கி போதும். பார்க்கிற மீன் அதேதான்.

டைவிங் சென்டரில் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை, வலிப்பு என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். சிலவற்றுக்கு 'ஆம்' என்றால் டாக்டரின் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். அங்கே போய்த் தெரிந்துகொண்டு பிள்ளை முகம் வாடுவதைவிட, ஒரு வாரம் முன்னதாகவே படிவத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

வயது சரியாக இருந்தாலும் பிள்ளைக்கே ஆசை இருக்க வேண்டும். பயப்படும் குழந்தையை 'ஒண்ணும் ஆகாது, இறங்கு' என்று தள்ளினால் கடலே பிடிக்காமல் போய்விடும்.

படி 2: நாள் பார்ப்பது

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும். அப்போது பிள்ளைகளோடு மணலுக்குப் போகவே கூடாது. குளிர்கால விடியற்காலையில் கடும் பனிமூட்டம் இருக்கும் என்பதால் மதியத்துக்கு மேல் கிளம்புவது எங்கள் வழக்கம். மழை அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே காய்ந்து கிடக்கும் வாடி என்ற ஓடைப் பள்ளத்தில் திடீர் வெள்ளமாக வந்து நிற்கும். கடலும் கலங்கிப்போகும்.

படி 3: வண்டியும் சாமானும்

முதல் முறை என்றால், உரிமம் பெற்ற பாலைவன வழிகாட்டியின் வண்டியில் போவதே என் பரிந்துரை. கிளம்பும்போதே 'குழந்தைகள் இருக்கிறார்கள், மெதுவாக ஓட்டுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உங்களை மகிழ்விப்பதாக நினைத்து மேட்டில் ஏற்றி இறக்கி, பத்தே நிமிடத்தில் பின்சீட்டில் வாந்தி.

சொந்த ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் அனுபவமுள்ள நண்பரின் வண்டியோடு சேர்ந்து போகலாம். ஒற்றை வண்டியாக ஒருபோதும் போகாதீர்கள். வாடகை வண்டியை மணலில் இறக்க பெரும்பாலான ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை. டயர் காற்று அளக்கும் கேஜ், காற்றடிக்கும் கம்ப்ரஸர், மண்வெட்டி, இழுவைப் பட்டை, முதலுதவிப் பெட்டி, டார்ச், மேட்டுக்கு அந்தப் பக்கம் வருபவருக்குத் தெரியும்படி உயரமான கொடி, இவ்வளவும் வண்டியில் இருக்க வேண்டும். தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர். தயிர் சாதமும் ஊறுகாயும் நான் சொல்லாமலே வந்துவிடும்.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு கார் சீட் இங்கே சட்டப்படி கட்டாயம். மணலில் மெதுவாகத்தானே போகிறோம் என்று கழற்றி வைக்காதீர்கள்.

படி 4: காற்றை இறக்குவது

நாங்கள் போவது ஷார்ஜா அமீரகத்தில் உள்ள மலைஹா. தார்ச் சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, முதல் வேலையாக டயர் காற்றை இறக்க வேண்டும். சாலையில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருப்பதை 15 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவருகிறோம். வால்வு மூடியைக் கழற்றி, நடுவில் உள்ள சின்ன ஊசியைச் சாவி முனையால் அழுத்தினால் உஸ்ஸென்று காற்று வெளியேறும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை கேஜ் வைத்துப் பாருங்கள். டயரின் அடிப்பகுதி மெல்ல அகன்று, மணல்மேல் பரந்து உட்காருவது கண்ணுக்கே தெரியும். தரையைத் தொடும் பரப்பு கூடுவதால் வண்டி புதையாமல் மிதந்து போகிறது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டயரைக் கொடுத்துவிடுங்கள், வேலையும் முடியும், காரணமும் விளங்கும்.

காற்று குறைந்த டயர் சடாரென்று திருப்பினால் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும். அதனால் ஸ்டியரிங்கை அகலமாக, பொறுமையாகத் திருப்புங்கள். பிரேக்கை அழுத்தி நிறுத்தாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். மணலே நிறுத்திவிடும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் மறுபடி கிளம்புவது சுலபம்.

மணல் மேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. காற்று வந்து மோதும் பக்கம் சரிவு குறைவு, மணல் கொஞ்சம் இறுகியிருக்கும். மறுபக்கம் செங்குத்தாக, பொலபொலவென்று இருக்கும். புதியவர்கள் முகட்டைத் தாண்டும் ஆசையை விட்டுவிட்டு, மேடுகளுக்கு நடுவே ஏற்கெனவே தடம் உள்ள பாதையில் போனால் போதும். சரிவில் குறுக்காக ஓட்டினால் வண்டி கவிழும். இறங்குவதாக இருந்தால் நேராக இறங்குங்கள்.

படி 5: சிக்கிக்கொண்டால்

சிக்கும். எல்லோருக்கும் சிக்கும். சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த நொடியில் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும். எல்லோரும் இறங்கி டயருக்கு முன்னும் பின்னும் மணலை அள்ளுங்கள். அடிப்பாகம் மணலில் உட்கார்ந்திருந்தால் அங்கேயும் அள்ளுங்கள். பிறகு வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால்தான் இழுவைப் பட்டை.

பட்டையை வண்டியின் சட்டத்தில் உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழில் மாட்டவே கூடாது. அது பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆளையே கொன்றுவிடும். இழுக்கும்போது பிள்ளைகள் பட்டையின் நீளத்தைவிட நன்றாகத் தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஆபத்து என்றால் காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 998.

படி 6: இறங்கி நடங்கள்

வண்டி ஓட்டுவது பாதிதான். மலைஹாவில் ஃபாசில் ராக் என்று அழைக்கப்படும் பாறை மலை மணலுக்கு நடுவே எழுந்து நிற்கிறது. அதன் கற்களில் சங்கு, சிப்பி போன்ற கடலுயிர்களின் புதைபடிவங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் கடலடி. காய்ந்த பாறையில் சங்கின் சுருளை விரலால் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு அதற்கு மேல் பாடமே தேவையில்லை. தொட்டுப் பார்க்கலாம், பெயர்த்து எடுத்துப் போகக் கூடாது.

பக்கத்தில் உள்ள ஃபாயா பகுதியில் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மனித நடமாட்டத்தின் தடயங்கள் கிடைத்துள்ளன. 2025-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மலைஹா தொல்லியல் மையம் திறந்திருக்கும் நேரத்துக்குப் போனால் பெரியவர்களுக்கும் நிழலில் பார்க்க நிறைய இருக்கும்.

மணலில் தனித்து நிற்கும் பச்சை மரத்தைக் கவனியுங்கள். அது காஃப், அமீரகத்தின் தேசிய மரம். நம் ஊர்க் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரமும் அதுவே. என் மாமியார் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி வந்தார். விறகுக்கு அதன் கிளையை ஒடிக்காதீர்கள், சமையலுக்குக் கரி கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பை ஒன்றுகூட விட்டுவரக் கூடாது, ஒட்டகம் தின்று செத்துப்போகிறது. கழற்றி வைத்த ஷூவை மறுபடி போடும் முன் தட்டிப் பாருங்கள், தேள் இருக்கலாம்.

அஸ்தமனம் பார்த்ததும், வெளிச்சம் இருக்கும்போதே தார்ச் சாலைக்கு வந்து டயரில் மறுபடி காற்றடித்துவிடுங்கள். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். அங்கிருந்து கிழக்குக் கரைக்குப் போய், ஃபுஜைராவில் அல் அக்கா பக்கம் தங்குங்கள். நிறையத் தண்ணீர், எளிமையான சாப்பாடு, சீக்கிரம் தூக்கம். மது வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருந்தால் டைவிங்கில் ஆபத்து கூடும்.

படி 7: முதலில் மிதந்து பழகுங்கள்

அல் அக்கா கரைக்கு எதிரே ஸ்னூபி தீவு. கரையிலிருந்தே நீந்திப் போகலாம், ஆழமும் குறைவு. காலையில் காற்று எழும் முன் இறங்குங்கள். ஒரு மணி நேரம் ஸ்நார்க்கலோடு மிதந்தால் மாஸ்க் பழகிவிடும், வாயால் மூச்சுவிடுவதும் பழகிவிடும். பச்சை ஆமை, கிளிமீன், கோமாளி மீன் எல்லாம் இங்கே உண்டு. கருமுனைச் சுறாக் குட்டிகளும் ஆழமில்லாத இடத்துக்கு வரும். கூச்ச சுபாவம் உள்ளவை, நம்மைக் கண்டதும் விலகிப் போகும். பயப்பட வேண்டியது கறுப்பு முள் நீட்டிய கடல் முள்ளெலிகளுக்குத்தான். காலுறையோ ஃபின்னோ (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு) இல்லாமல் பாறைமேல் நிற்காதீர்கள். பவளத்தின் மேலும் நிற்கக் கூடாது. 2007-இல் வந்த கோனு புயலும், அடுத்த ஆண்டு வந்த செந்நீர்ப் பெருக்கும் (கடலைச் சிவப்பாக்கும் நுண்பாசிப் பெருக்கம்) இந்தக் கரையின் பவளங்களை மிகவும் பாதித்தன. மிச்சமிருப்பதையும் புதிதாக வளர்வதையும் நம் கால் உடைக்கக் கூடாது.

படி 8: முதல் டைவ்

சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கு வேண்டாம், யாராக இருந்தாலும் சரி.

இன்ஸ்ட்ரக்டர் சொல்லித்தரும் விஷயங்களில் இரண்டைப் பிள்ளைக்கு முந்தின நாளே சொல்லிக்கொடுங்கள். ஒன்று, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து கிழித்துவிடும். இரண்டு, காது. இறங்கத் தொடங்கியதுமே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் காதுக்குள் 'டப்' என்று திறக்கும். வலி வரும்வரை காத்திருக்காமல் மீட்டருக்கு ஒரு முறை செய்ய வேண்டும். வலித்தால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி ஊத வேண்டும். காரில் உட்கார்ந்தபடியே இதைப் பழகிப் பார்க்கலாம்.

சைகைகளில் பிள்ளைகள் குழம்புவது கட்டைவிரலில். தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று பொருள். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். ஏதோ சரியில்லை என்றால் விரித்த கையை ஆட்ட வேண்டும், பிறகு எது சரியில்லையோ அதைக் காட்ட வேண்டும்.

சிலிண்டரின் காற்றழுத்தம் பொதுவாக 200 பாரில் தொடங்கும். 50 பார் மீதியிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். உங்கள் குமிழிகளை நீங்கள் முந்தக் கூடாது.

கீழே போனதும் எதையும் தேடி ஓடாதீர்கள். ஒரு பாறைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றால் மீன்கள் தாமாக வெளியே வரும். குளிர்காலத்தில் இங்கே கணவாய் இணைசேர வரும். குழம்பில் மட்டும் பார்த்த கணவாய், கண்ணெதிரே பழுப்பிலிருந்து வெள்ளைக்கும் வரிக்கும் தோலை மாற்றிக்கொண்டு, ஓரத்துத் துடுப்பை அலைபோல ஆட்டிப் பின்னோக்கி நகரும். என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே, சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று பார்க்க மறந்துவிட்டாள். பிள்ளையின் கேஜைப் பார்ப்பதற்கு ஒருவர் கட்டாயம் பக்கத்தில் வேண்டும்.

படி 9: திரும்பும் முன்

கரையேறியதும் தண்ணீர் குடித்துவிட்டு நிழலில் ஓய்வெடுங்கள். அதே நாளில் ஜெபல் ஜைஸ் போன்ற உயரமான மலைக்குப் போகாதீர்கள். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து, உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகும். மூட்டு வலி, மரத்துப்போவது, தலைசுற்றல், காரணமில்லாத கடும் அசதி என எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டைவ் செய்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

விமானத்துக்கும் இதே விதிதான். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஊரிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஞாயிறு இரவு சென்னை ஃபிளைட் என்றால், அவர்களுக்கு ஸ்நார்க்கலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.