டீஜே ஆக வேண்டுமா? முதலில் எண்ணப் பழகுங்கள்

ஏதாவது ஒரு ஹவுஸ் (ஒருவகை நடன இசை) டிராக்கைப் போட்டு, 'தம் தம்' என்று அடிக்கும் கிக் டிரம் விழும் ஒவ்வொரு தடவையும் ஒரு பீட் என்று எண்ணுங்கள். நான்கு பீட் சேர்ந்தால் ஒரு பார், அதில் 2, 4-இல் பெரும்பாலும் கிளாப் (கைதட்டல் ஒலி) கேட்கும்.

சரி, இனிதான் விஷயமே. எட்டு பார், அதாவது 32 பீட் முடிகிற இடத்தில்தான் பொதுவாக ஹை-ஹாட் ('ட்ஸ்' என்ற சிம்பல் ஒலி) நுழையும், பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) விலகும். 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 பீட் வேகத்தில்) இதற்கு 15 நொடி. 1-2-3-4, 2-2-3-4, 3-2-3-4 என்று முதல் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே எண்ணினால் எத்தனையாவது பாரில் இருக்கிறோம் என்பது தவறாது.

அப்புறம், அடுத்த டிராக்கை இந்த 32 புதிதாகத் தொடங்கும் முதல் பீட்டில் விடுங்கள். நடுவில் விட்டால், பீட் பொருந்தியிருந்தாலும் ஒன்று அடங்கும்போது இன்னொன்று தொடங்காமல் இரண்டும் முட்டிக்கொள்ளும். டீஜே கருவியில் உள்ள சிங்க் பட்டன் வேகத்தையும் பெரும்பாலும் பீட்டையும் சேர்த்துவைக்கும், அவ்வளவுதான். எங்கே தொடங்குவது என்பதை நீங்கள்தான் எண்ணிப் பிடிக்க வேண்டும்.