பகிடி கேட்டால் முழங்கால் மடங்கும்: நார்கோலெப்சியில் நாம் விடும் பிழைகள்

டியூஷன் வகுப்பில், பேனை கையில் இருக்கும்போதே என் தம்பிக்கு நித்திரை வந்துவிடும். கொப்பியில் பாதி வரி ஒழுங்காக இருக்கும், மீதி கோணலாக இறங்கிக் கீழ்க் கரையில் போய் நிற்கும். "பஞ்சி பிடிச்சவன், இரவிரவா போன் பாக்கிறான்" என்றோம். முதல் பிழை அதுதான். அவனுக்கு இருந்தது நார்கோலெப்சி, பகலில் அடக்க முடியாமல் நித்திரை வரும் மூளை நோய். அது பெரும்பாலும் 10 முதல் 25 வயதுக்குள் தொடங்கும். அந்த வயதுப் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல வீட்டில் யாருக்கும் யோசனை தேவைப்படுவதில்லை.

அடுத்தது இன்னும் பெரிய பிழை. டச்சு பே கடற்கரையில் யாரோ விட்ட பகிடிக்குச் சிரித்தவன், முழங்கால் மடிந்து மணலில் சரிந்தான். தாடை தொங்கியது, வாய் குழறியது. வலிப்பு என்று திறப்புக் கோர்வையைக் கையில் திணித்தார்கள். ஒரு நிமிடத்தில் எழும்பி, "நீங்க கதைச்சதெல்லாம் கேட்டது அக்கா" என்றான். அந்தச் சொல்லை நாங்கள் வைத்தியரிடம் சொல்லவே இல்லை. வலிப்பு மாத்திரை ஒரு வருடம் வீணாகப் போனது.

அதற்குப் பெயர் கேட்டப்ளெக்சி. கனவு காணும் நித்திரையில் மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கும்; அந்தத் தளர்வு விழித்திருக்கும்போதே, பெரும்பாலும் சிரிப்போடு, வந்துவிடுகிறது. நினைவு மட்டும் தப்பாது. ஆகவே "விழுந்தான்" என்பதோடு நிறுத்தாதீர்கள். சிரித்தபோதா விழுந்தான், காது கேட்டதா என்பதையும் சொல்லுங்கள். போனில் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் நார்கோலெப்சி உள்ள எல்லோருக்கும் இப்படி வராது.

விடியப்புறம் கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது, அறையில் ஆள் நிற்பது போலத் தெரியும். இதுவும் இந்த நோயோடு வரக்கூடியதுதான். பேய் அமுக்குது என்று அம்மம்மா நூல் கட்டினார். கட்டட்டும், அதோடு நாங்கள் நின்றதுதான் பிழை.

பிளேன்டீயும் மனவுறுதியும் போதும் என்பவர்களுக்கு: 1880இல் பிரெஞ்சு வைத்தியர் ஜெலினோ இதற்குப் பெயர் வைத்தார். காரணம் பிடிபட 2000ஆம் ஆண்டு வரை ஆனது. விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கும் மூளைக் கலங்கள் கேட்டப்ளெக்சி உள்ளவர்களிடம் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தன. போன கலங்கள் திரும்பி வருவதில்லை. வைராக்கியம் அங்கே என்ன செய்யும்?

உறுதிப்படுத்த, இரவு நித்திரைச் சோதனையும் மறுநாள் 2 மணி இடைவெளியில் 4 அல்லது 5 குட்டித் தூக்கமும் பார்ப்பார்கள். அப்புறம் மாத்திரை. பகல் நித்திரையைக் குறைக்கத் தரும் மொடாபினில் என்ற மாத்திரையை எடுக்கும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம், கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டப்ளெக்சிக்குத் தரும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விழுவது முன்னைவிட மோசமாகலாம்.

பகலில் நேரம் வைத்து 15, 20 நிமிடம் படுப்பதைச் சோம்பல் என்று தடுக்காதீர்கள். மாத்திரை போலவே அதுவும் வைத்தியம். நோய் கட்டுக்குள் வந்ததென்று வைத்தியர் சொல்லும்வரை நிலாவெளிக்கு மோட்டார் சைக்கிளில் தனியே போவது வேண்டாம். கடலில் தனியே இறங்குவதும் வேண்டாம்.

இப்போதும் நாங்கள் அவனோடு கடற்கரைக்குப் போகிறோம், பகிடியும் விடுகிறோம். அவன் மணலில் வடிவாக இருந்த பிறகு.