நாசிக் ஒயின் ஆலைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

நம்மூரில் 'ஒயின்ஷாப்' என்றால் ஒயின் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் கடை. அந்தப் பழக்கத்தில் நாசிக் போனால், சுவைத்துப் பார்க்கத் தரும் ஆறு கிளாஸையும் கடகடவென்று குடித்துவிட்டு 'எல்லாம் ஒரே புளிப்பு' என்று திரும்ப வேண்டியதுதான். ஒயின் சுவைப்பதில் மூக்குக்குத்தான் முதல் வேலை, நாக்குக்கு அடுத்தது. தொண்டைக்கு அவசியமே இல்லை.

1. எப்போது, எப்படி

ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. நாசிக்கில் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்குவதில்லை. அதனால் ஆண்டுக்கு இரண்டு கவ்வாத்து (கிளை வெட்டுதல்): ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓயும் செப்டம்பர்–அக்டோபரில் இன்னொன்று. இரண்டாவதற்குப் பிறகு வருவதுதான் ஒயினுக்குப் போகும் காய். ஜூலையில் போனால் மலையும் கங்காபூர் அணையும் பச்சைப்பசேலென்று இருக்கும், ஆனால் கொடியில் பழம் இருக்காது.

மும்பையிலிருந்து காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ரயிலில் வந்தால் நாசிக் ரோடு ஸ்டேஷனில் இறங்கி டாக்சி பிடியுங்கள். கங்காபூர்–சாவர்காவ் பக்கத்தில் சுலா, யார்க், சோமா மூன்றும் அருகருகே இருக்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு ஆலை போதும். மூன்றாவதில் நாக்கு மரத்துப் போகும்.

வார நாளில், காலை முதல் சுற்றுக்கே முன்பதிவு செய்யுங்கள். சனி, ஞாயிறு மும்பைக் கூட்டத்தில் வழிகாட்டி சொல்வது காதில் விழாது. வயதைக் காட்டும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற மதுவிலக்கு நாள்களில் சுவைக்கத் தரமாட்டார்கள்.

2. கிளம்பும் முன்

வெறும் வயிற்றில் போகாதீர்கள். காரமில்லாத இட்லியோ ரொட்டியோ சாப்பிட்டுப் போங்கள். வழியில் காரமான மிசல் பாவ் கூப்பிடும், திரும்பும்போது சாப்பிடலாம். மிளகாய்க் காரத்தோடு ஒயின் சேர்ந்தால் எரிச்சல்தான் கூடும், ஒயினும் கசக்கும். காபி, பான், சூயிங்கம் எதுவும் கடைசி ஒரு மணி நேரத்தில் வேண்டாம். சென்ட் அடிக்காதீர்கள். தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் எல்லா ஒயினும் மல்லிகைதான்.

3. ஆலைக்குள்

தோட்டத்தில் ஒரு பழம் கேட்டுச் சுவைத்துப் பாருங்கள். கம்பம் பன்னீர் திராட்சையை நினைத்துக்கொண்டு வாயில் போட்டால் ஏமாற்றம்தான்: சிறிய காய், தடித்த தோல், பெரிய விதை. ஆனால் இனிப்பு அதிகம். சிவப்பு ஒயினுக்கான ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சையை நசுக்கினால் சாறு கிட்டத்தட்ட நிறமில்லாமல் வரும். சிவப்பும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. வெள்ளை ஒயினுக்கு முதலிலேயே பிழிந்து தோலை ஒதுக்குகிறார்கள், சிவப்புக்குத் தோலோடு நொதிக்க விடுகிறார்கள்.

எஃகுத் தொட்டிகளில் வெப்பமானியைப் பாருங்கள். வெள்ளை பெரும்பாலும் 12–18 டிகிரியில் நொதிக்கும், சூடேறினால் வாசனை ஆவியோடு போய்விடும். தோலிலிருந்து நிறம் இறங்கச் சிவப்புக்குக் கொஞ்சம் சூடு வேண்டும், 25 டிகிரியைத் தாண்டவும் விடுவார்கள். திறந்த தொட்டிக்குள் தலையை நீட்டாதீர்கள். நொதிக்கும்போது வரும் கரியமில வாயு ஆளை மயக்கிக் கீழே தள்ளும்.

ஓக் பீப்பாய் அறையில் கேட்க வேண்டிய கேள்வி: "எவ்வளவு நாளுக்கு ஒருமுறை நிரப்புகிறீர்கள்?" 225 லிட்டர் பீப்பாயின் மரத்தின் வழியே ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அந்த வெற்றிடத்தில் காற்று தங்கினால் வினிகர் ஆகும்.

4. சுவைக்கும் மேசையில்

ஒவ்வொன்றிலும் 25–30 மில்லிதான் ஊற்றுவார்கள். குறைவு என்று முகம் சுளிக்க வேண்டாம். ஐந்து, ஆறு சேர்ந்தால் ஒரு முழுக் கிளாஸ் ஆகிவிடும். முதலில் நுரைப்பது, பிறகு வெள்ளை, இளஞ்சிவப்பான ரோசே, சிவப்பு, கடைசியில் இனிப்பு என்ற வரிசையை மாற்றாதீர்கள். சிவப்பின் துவர்ப்புக்குப் பின் வெள்ளையைக் குடித்தால் தண்ணீர் போல இருக்கும்.

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். வெள்ளைத் தாளுக்கு எதிரே சாய்த்து நிறம் பாருங்கள். ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். பிறகு அடிப்பகுதியை மேசையில் வைத்தபடி மூன்று சுற்று சுழற்றி மறுபடி முகருங்கள். புதியவர்கள் கிளாஸைத் தூக்கிச் சுழற்றிச் சட்டையில் கொட்டிக்கொள்வார்கள். ஒரு சிறு மிடறு எடுத்து, வாயெங்கும் ஐந்து விநாடி புரட்டி, பக்கத்திலிருக்கும் பாத்திரத்தில் துப்புங்கள். துப்புவது அவமரியாதை இல்லை, அந்தப் பாத்திரம் அதற்குத்தான். இடையிடையே தண்ணீரும் ரொட்டித் துண்டும்.

என்ன சொல்வது என்று தடுமாற வேண்டாம். 'டேனின்' என்று அவர்கள் சொல்வது நம் துவர்ப்பு: பாக்கு, நாவல்பழம், வாழைப்பூ தின்றபின் ஈறில் பிடிக்கும் அதே இழுப்பு. வெள்ளை ஒயின் வகையான சாவின்யோன் பிளாங்கில் குடைமிளகாயும் கொய்யாவும் தேடுங்கள். இன்னொரு வெள்ளையான செனின் பிளாங்கில் அன்னாசி. ஷிராஸில் மிளகு வாசம் வந்தால் அது கற்பனை இல்லை. மிளகில் உள்ள ரோட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸ் தோலிலும் இருக்கிறது. சிலருக்கு அது மூக்கில் படவே படாது, அது பிறவிக் குணம்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கை கெடுத்த பாட்டில். தயங்காமல் வேறு திறக்கச் சொல்லுங்கள். திருகுமூடிப் பாட்டிலில் இது அபூர்வம்.

5. வாங்கும்போது, திரும்பும்போது

பிடித்த ஒன்றிரண்டை மட்டும் வாங்குங்கள். எந்த ஆண்டு அறுவடை என்று லேபிளில் பாருங்கள். சாதாரண வெள்ளை ஒயினை ஓரிரு ஆண்டில் குடித்துவிடுவது நல்லது. வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோக எத்தனை பாட்டில் அனுமதி என்பதைக் கலால் விதியில் முன்பே பார்த்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைத்தால் பழம் வெந்த சுவை வந்துவிடும். ஏசி உள்ள பக்கம், துணியில் சுற்றி வையுங்கள்.

வண்டியை ஓட்ட, சுவைக்காத ஒருவர் வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வழக்கு, அதைத் தாண்டப் பலருக்கு ஒன்றிரண்டு கிளாஸே போதும்.

திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் நிறுத்திவையுங்கள், சிவப்பானாலும் சரி. மூன்று, நான்கு நாள் தாங்கும்.