பெக்வே தீவில் கிறிஸ்துமஸ்: முதல்முறை படகில் போகிறவர்களுக்கு

பாய்மரப் படகில் கரீபியன் கடலைச் சுற்றுகிறவர்கள் பலர், டிசம்பர் 24 மாலைக்குள் ஏதாவது ஒரு துறைமுகத்துக்குள் நுழைந்தால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். 15-ஆம் தேதிக்கே போய்ச் சேருங்கள் என்பேன் நான். ஏன் அந்தத் தேதி என்பது ஐந்தாம் படியில் வருகிறது. நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது செயின்ட் வின்சென்ட் கிரெனடீன்ஸ் நாட்டின் பெக்வே தீவு. அங்கே அட்மிரால்டி விரிகுடாவின் வாய் மேற்குப் பக்கம். கிழக்குக் காற்றை மலை மறைத்துக்கொள்ளும்.

படி 1: காகிதங்கள். உள்ளே நுழையும்போதே, இன்னும் அனுமதி வாங்கவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றுங்கள். தலைவர் மட்டும் கரையேறி, போர்ட் எலிசபெத்தில் சுங்கமும் குடிவரவும் முடிக்கும்வரை மற்றவர்கள் படகிலேயே இருக்கவேண்டும். கடவுச்சீட்டுகள், படகின் பதிவுச் சான்று, ஆட்களின் பட்டியல், முந்தைய துறைமுகம் கொடுத்த புறப்பாட்டுச் சான்று, இந்த நான்கும் ஒரே பையில் இருக்கட்டும். டிசம்பர் 25, 26 இரண்டும் அரசு விடுமுறை.

படி 2: பணம். கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் நிலையாக இருக்கிறது. விடுமுறைக்கு முன்பே கையில் ரொக்கம் எடுத்து வையுங்கள்.

படி 3: நங்கூரம். இதில் அவசரமே கூடாது. டிசம்பர் கடைசியில் கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, வலுக்கும். அட்லாண்டிக்கின் மேல் உயர் அழுத்தம் கூடுவதுதான் காரணம். அங்கே இதைக் 'கிறிஸ்துமஸ் காற்று' என்கிறார்கள். 25, 30 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வேகத்தில் நாள்கணக்கில் வீசும். விரிகுடாவுக்குள் அலை எழாது, ஆனால் மலையிடுக்கு வழியாகக் காற்று திடீர் திடீரென்று இறங்கி அறையும்.

எவ்வளவு சங்கிலி விடவேண்டும் என்பதற்கு, நீரின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகு முகப்பின் உயரத்தையும் கூட்டி, ஏழால் பெருக்குங்கள். ஆழம் 6 மீட்டர், முகப்பு 1 மீட்டர் என்றால் 49 மீட்டர் சங்கிலி. மேலிருந்து பார்த்தால் வெளிர்நிறமாகத் தெரிவது மணல், கருப்பாகத் தெரிவது கடற்புல். மணலில்தான் போடவேண்டும். நான் ஒருமுறை இருட்டத் தொடங்கிய நேரத்தில் போட்டுவிட்டுத் தூங்கினேன். இரவு இரண்டு மணிக்கு, சங்கிலி கரகரவென்று அதிர்கிற சத்தத்தில் விழிப்பு வந்தது. இழுத்துப் பார்த்தால் நங்கூரத்தின் நுனியில் ஒரு பெரிய புல் கொத்து. மணலை அது தொடவே இல்லை. அன்றிலிருந்து, நீர்க்கண்ணாடி மாட்டி இறங்கி, நங்கூரம் புதைந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சமையலைத் தொடங்குவேன்.

படி 4: அடுப்படி. சந்தையில் 'சாரல்' என்று சிவப்பு மொக்குகள் விற்பார்கள். நம்ம புளிச்சக்கீரை இனம்தான் அது. ஒரு லிட்டர் கொதிநீருக்கு இரண்டு கைப்பிடி. தட்டிய இஞ்சி, கிராம்பு, பட்டை சேர்த்து மூடி, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் வடிகட்டிச் சர்க்கரை கலந்தால் ரத்தச் சிவப்பில் பானம் தயார். பச்சைத் துவரையும் அந்தப் பருவத்தில் கிடைக்கும். அரிசியோடு வேகவைத்தால் நம் வீட்டு வாசமே வரும். அங்கே நம்மவர்களும் போயிருக்கிறார்கள். 1861-இல் சென்னையிலிருந்து 'டிராவன்கோர்' கப்பலில் ஒப்பந்தக் கூலிகள் செயின்ட் வின்சென்ட்டில் வந்து இறங்கினார்கள். துவரை அவர்களுக்கு முன்பே ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே போய்விட்டது. சட்டியில் அதைப் பார்த்ததும் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

படி 5: விடியலுக்கு முன் எழுந்திருங்கள். அந்த நாட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது விடியல்களும் திருவிழா. 'நைன் மார்னிங்ஸ்' என்று பெயர். இருட்டு விலகும் முன்பே தெருவில் பாட்டு, வாத்தியம், சைக்கிள், கடல் குளியல். தேவாலய நவநாள் வழிபாடு முடிந்து மக்கள் உலாவப் போனதிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். தொடக்கம் டிசம்பர் 16, ஏறக்குறைய நம் மார்கழி பிறக்கும் நாள். திருப்பாவை கேட்டு எழுந்து பழகியவர்களுக்கு அந்த இருட்டும் பாட்டும் அந்நியமாக இருக்காது. தலைநகர் கிங்ஸ்டவுனில் பெரிதாக நடக்கும். பெக்வேயிலிருந்து பயணிகள் படகில் ஒரு மணி நேரம். முதல்நாள் மாலையே போய்த் தங்குங்கள். படகில் ஒருவர் இருக்கட்டும். கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியை நீரில் விடாமல் தூக்கிப் பூட்டுங்கள்.

படி 6: வீட்டுக்குப் பேசுவது. தமிழ்நாடு ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. 24-ஆம் தேதி பெக்வேயில் பிற்பகல் 2:30 ஆகும்போது ஊரில் நள்ளிரவுப் பூசை மணி அடிக்கும். அந்த நேரத்துக்குத் தொலைபேசியில் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு, கரைக்குப் போய் நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் உட்காருங்கள். அம்மா எடுத்ததும், பின்னால் கேட்கும் மணியைக் கொஞ்சம் கேட்கவிடச் சொல்லுங்கள்.